நடை தளர்வது முதுமையினால் மட்டுமா?

“வயது போனால் கால் தளரத்தானே செய்யும்” என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் வார்த்தை. பேரப்பிள்ளை கேட்டாலும் இதுவே விடை. வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் விசாரித்தாலும் இதுவே விடை. சில வேளைகளில் வைத்தியரின் முன்னிலையிலும் இதுவே விடையாகி விடுகின்றது. இவ்வார்த்தையிற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியோ, கண்டறியக்கூடிய நோய் ஒன்றை மூடி மறைக்கும் திரை. அத்திரையைச் சற்றே விலக்கிப் பார்ப்பதே இவ்வாரம் நாம் மேற்கொண்ட பணி.

மாலை வேளையில் வெள்ளவத்தைக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் மரைன் டிரைவ் வீதியில் முதியோர் பலர் உலாவி வருவதைக் காணலாம். ஒருவர் கைகளை வீசி மிடுக்காக நடப்பார். இன்னொருவர் கண்களை நிலத்திலே பதித்து, கால்களை அகல வைத்து, ஒவ்வோர் அடியையும் எண்ணி எண்ணி வைப்பார். இருவருக்கும் வயது எழுபத்தைந்தாக இருத்தல் கூடும். வயது ஒன்றே காரணமாயின் இவ்வேற்றுமை எங்ஙனம் உண்டாயிற்று? முழங்கால் வாதம், பக்கவாதம், நடுக்குவாதம், முள்ளந்தண்டுத் தேய்வு, கண்பார்வைக் குறைவு எனக் காரணங்கள் பலவாம். அவற்றை யாவரும் ஓரளவு அறிவர். எவரும் அதிகம் எண்ணிப் பாராத காரணம் ஒன்றுண்டு. அதுவே பாதத்தின் நரம்புகள் செயல் குன்றுதல்.

நாம் நிமிர்ந்து நிற்பதும் நடப்பதும் எத்துணை நுட்பமான காரியம் என்பதை இளமையில் உணர்வதில்லை. நிலை தவறாது நிற்பதற்கு மூன்று துணைகள் வேண்டும். கண் ஒன்று; உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு மற்றொன்று; பாதத்திலிருந்தும் மூட்டுக்களிலிருந்தும் மூளைக்குச் செல்லும் உணர்ச்சி மூன்றாவது. நிலம் சரிந்துள்ளதா, மணலா கல்லா, பெருவிரல் மேல்நோக்கி உள்ளதா கீழ்நோக்கி உள்ளதா என்பனவற்றையெல்லாம் நாம் குனிந்து பாராமலே அறிவது இம்மூன்றாவது துணையினாலாகும். மூன்றில் ஒன்று குறைந்தால் மற்றை இரண்டும் ஈடு செய்யும். இரண்டு குறைந்தாலோ மனிதர் தள்ளாடுவர்.

இந்த உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பிழைகள் நம் உடம்பிலேயே மிக நீளமானவை. இடுப்பின் பின்புறத்தே முள்ளந்தண்டின் அருகிலிருந்து கால்விரல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளத்துக்கு ஒரே உயிரணுவின் இழை செல்கின்றது. நலமுள்ள காலில் இந்நரம்புகளின் வழியே செய்தி வினாடிக்கு 40 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் பாயும். இழைக்கு வேண்டிய போசணைப் பொருள்களோ அவ்வளவு தூரத்தையும் மெல்ல மெல்லவே கடந்து செல்ல வேண்டும். ஆதலின் உடம்பிற்கு ஏதேனும் குறை நேரும்போது முதலில் வாடுவது மிக நீண்ட இழையின் கடைசி நுனியே. கடைமடை வயலுக்குத் தண்ணீர் இறுதியில் வருவதும், வரட்சியில் அதுவே முதலிற் காய்வதும் கமக்காரர் அறிந்தவை. பாதமே நம் உடம்பின் கடைமடை. அதனாலேதான் நரம்புத் தளர்ச்சி பெரும்பாலும் கால்விரல்களில் தொடங்கி, காலுறை அணிந்தாற் போன்ற எல்லையுடன் மேல்நோக்கிப் பரவுகின்றது.

முதுமையில் நரம்பின் வேகமும் கூர்மையும் சிறிது குறைவது இயற்கையே. எழுபதைக் கடந்தோர் பலரிடம் குதிக்கால் தசைநாணைத் தட்டினால் எழும் துடிப்பு மங்கியிருப்பதை வைத்தியர்கள் காண்கின்றனர். ஆயினும் அச்சிறு குறைவுக்கும் நடைக்கும் உள்ள தொடர்பைப் பலகாலம் எவரும் பெரிதாக எண்ணவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் பிற்ஸ்பேர்க், மெம்பிஸ் என்னும் இரு நகரங்களில் 70 முதல் 79 வயது வரையான 3,075 ஆண்களையும் பெண்களையும் 1997, 1998 ஆம் ஆண்டுகளிற் சேர்த்துத் தொடங்கிய நெடுங்கால ஆராய்ச்சி ஒன்று இவ்விடயத்தில் ஒளி பாய்ச்சியது. தொடக்கத்தில் அவர்கள் எல்லோரும் தடையின்றி நடக்கவும் படியேறவும் வல்லவர்கள். பின்னர் அவர்களின் காலுணர்ச்சியையும் நரம்பின் திறனையும் அளந்து பார்த்தபோது, நரம்பின் செயல் குன்றியவர்கள் மெதுவாக நடப்பவராகவும், கதிரையிலிருந்து எழவும் சமநிலையில் நிற்கவும் இடர்ப்படுவோராகவும் காணப்பட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல நடமாட்டம் குறைந்தவர்களும் அவர்களுள்ளேயே அதிகம். நீரிழிவு இல்லாதோரிடத்தும் இத்தொடர்பு காணப்பட்டமை கவனத்துக்குரியது.

இக்குறை வலியுடன் வருமாயின் மக்கள் வைத்தியரை நாடுவர். உள்ளங்கால் எரிவு, இரவில் ஊசி குத்துவது போன்ற வேதனை, எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு ஆகியன சிலருக்கு உண்டு. இடர் என்னவெனில், பலருக்கு வலியே இராது. உணர்ச்சி சத்தமின்றி விடைபெற்றுக் கொள்ளும். எனவே வீட்டிலுள்ளோரின் கண்களே முதற் கண்காணிப்பாளராதல் வேண்டும். அவர்கள் கவனிக்கத்தக்க அடையாளங்கள் சிலவற்றை இங்கே கூறுவோம்.

முதலாவது, செருப்பு. அம்மம்மா அறையிலிருந்து குசினிக்கு வருகின்றார். ஒரு காற் செருப்பு வழியிலேயே கழன்று கிடக்கின்றது. அவருக்கோ அது தெரியவில்லை. இதனை மறதி என்று எண்ணிச் சிரித்து விடுகின்றோம். செருப்பு கழன்றதை உணர வேண்டியது மூளையன்று, பாதம். பாதம் அறிவிக்காத ஒன்றை மூளை எங்ஙனம் அறியும்?

இரண்டாவது, முகம் கழுவுதல். சவர்க்காரம் பூசிக் கண்ணை மூடியதும் பெரியவர் தள்ளாடிச் சுவரைப் பிடிக்கின்றார். கண்ணின் துணை நீங்கியவுடன், பாதத்தின் துணை முன்னமே நீங்கியிருப்பது வெளிப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேர்லின் நகரத்து வைத்தியர் றொம்பேர்க் என்பார் இதனைக் கூர்ந்து நோக்கி நூலில் எழுதினார். இரு பாதங்களையும் சேர்த்து நிற்கச் செய்து கண்களை மூடச் சொல்லும் அப்பரிசோதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. வீட்டில் இதனைத் தனியே செய்து பார்த்தல் ஆகாது, விழுந்து விடக்கூடும். வைத்தியர் அருகில் நிற்கும்போது செய்ய வேண்டிய சோதனை இது.

மூன்றாவது, இருள். பகலில் நன்றாக நடப்பவர் மின்சாரம் தடைப்பட்ட இரவில் ஓரடியும் எடுத்து வைக்க அஞ்சுகின்றார். நான்காவது, பாதத்தைத் தூக்கும் தசையின் தளர்ச்சி. விரல்நுனி தரையில் உரசும். பாயின் விளிம்பிலும் கதவுப்படியிலும் அடிக்கடி தடக்கும். செருப்பின் முன்முனை மற்றைய இடத்தினும் விரைவிற் தேயும். ஐந்தாவது, பஞ்சின் மேலே நடப்பது போன்றதொரு உணர்வு. “கால் நிலத்தில் படுகிற மாதிரியே இல்லை” என்று முதியவர் ஒருவர் சொன்னால் அதனைக் கிழவரின் புலம்பலாகக் கொள்ளாது, நோயின் குறியாகவே கொள்ளுதல் தகும்.

இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து காணப்படுமாயின் அடுத்த கேள்வி, நரம்பு ஏன் தளர்ந்தது என்பதாம். “வயதுதான்” என்று அவ்விடத்திலே நின்று விடுதல் கூடாது. காரணத்தைத் தேடினால் அது கிடைக்கக்கூடும் என்பதற்கு நம் நாட்டுடன் தொடர்புடைய இரண்டு வரலாறுகள் சான்றாகும்.

பெரிபெரி என்னும் நோயின் பெயரை வாசகர்கள் பள்ளிப்பாடத்திற் படித்திருப்பர். “இயலாது” என்னும் பொருளுடைய சிங்களச் சொல்லை இரட்டித்து அப்பெயர் அமைந்தது என அகராதிகள் கூறுகின்றன. காலுணர்ச்சி கெட்டு, பாதம் தொங்கி, நடக்க முடியாது போவது அதன் ஒரு வகை. ஒல்லாந்தர் ஆண்ட பற்றேவியாவில், இன்றைய யாக்கார்த்தாவில், எயிக்மன் என்னும் வைத்தியர் 1890 ஆம் ஆண்டை ஒட்டி ஒரு புதுமையைக் கண்டார். வைத்தியசாலையில் எஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்து, தீட்டாத அரிசி கொடுக்கப்பட்டபோது அவை எழுந்து நடந்தன. அதன்பின் மலாயாவின் கோலாலம்பூரிலே மனநோயாளர் விடுதி ஒன்றில் பிளெச்சர் என்னும் வைத்தியர் 1905, 1906 ஆம் ஆண்டுகளில் ஒரு சாராருக்குத் தீட்டிய சீயத்துப் பச்சையரிசியும் மறுசாராருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முன்னவரிடையே பெரிபெரி பரவியது; புழுங்கலரிசி உண்டோர் தப்பினர். நெல்லை ஊறவிட்டு, அவித்து, காயவிட்டு, பின் குற்றுவது நம் பாட்டிமாரின் வழக்கம். அவிக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் பி1 அரிசியின் உள்ளே இறங்குகின்றது. விஞ்ஞானம் அறியுமுன்னரே நம் அடுப்படி நம் கால்களைக் காத்து வந்தது. எயிக்மன் 1929 இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். இன்று இந்நோய் அரிது. ஆயினும் ஓயாது மது அருந்துவோரிடத்தும், உணவை வெறுத்துத் தேநீரும் விசுக்கோத்துமாகக் காலங்கழிக்கும் முதியோரிடத்தும் பி1 குறைபாடு இன்றும் தலைகாட்டுகின்றது.

மற்றைய வரலாறு நம் மலையகத்தைச் சேர்ந்தது. 1977, 1978 ஆம் ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ச் சிறுமியர் சிலர் திடீரெனக் கைகால் சோர்ந்து நடக்க இயலாதவராயினர். பூப்பெய்திய சின்னாட்களிலேயே அவர்களுக்கு இந்நிலை நேர்ந்தது. ஆராய்ந்த வைத்தியர்கள் நிமால் சேனாநாயக்காவும் ஜெயரத்தினமும் அதற்குரிய காரணத்தை வழக்கமான பூப்புக்காலப் பத்தியத்திலே கண்டனர். நல்லெண்ணெயில் ‘திரைகிறெசில் பொசுபேற்று’ என்னும் இரசாயன நஞ்சு கலந்திருந்தது. கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயைக் கொண்டு சென்றமையால் அக்கலப்பு நேர்ந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. 1981 இல் ‘லான்செற்’ மருத்துவ இதழ் இதனை வெளியிட்டது. அன்றைய சிறுமியர் இன்று அறுபதை அண்டிய தாய்மார். “பெண்பிள்ளைக்கு ஏதோ தோஷம்” என்று விட்டிருந்தால் காரணம் ஒருநாளும் தெரிந்திராது. உணவையும் வழக்கத்தையும் துருவிக் கேட்டமையாலேயே உண்மை வெளிவந்தது.

இனி இன்றைய வெள்ளவத்தைக்கு வருவோம். இன்று நம்மவரின் கால் நரம்பைக் கெடுப்பவற்றுள் முதலிடம் பெறுவது நீரிழிவே. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வின்படி, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, நீரிழிவு காணப்பட்டது. நகரத்தாரிடையே அது மேலும் மிகுதி. நீண்டகாலம் நீரிழிவுடன் வாழ்வோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நரம்புத் தளர்ச்சி உண்டாகின்றது என்பது வைத்தியர்களின் கணிப்பு. சீனியைக் கட்டுப்படுத்தினால் அது பரவும் வேகத்தைக் குறைக்கலாம். இழந்ததை முழுவதும் மீட்பது கடினம். ஆதலாலேயே முந்திக்கொள்ளல் வேண்டும் என்கின்றோம்.

இரண்டாவது காரணம் நம் சைவ வீடுகளுக்கு மிக அண்மையானது. விற்றமின் பி12 என்னும் சத்து 1948 இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில் உண்டு, மரக்கறியில் இல்லை. பாலும் தயிரும் குறைத்து, மரக்கறி மாத்திரம் உண்டு, விரதங்களையும் தவறாது அனுட்டிக்கும் பெரியோர்க்கு இச்சத்துக் குறைதல் கூடும். முதுமையில் இரைப்பையின் அமிலம் குறைவதால், உண்ட உணவிலிருந்து இச்சத்தைப் பிரித்தெடுக்கும் ஆற்றலும் குன்றுகின்றது. நீரிழிவுக்காக ‘மெற்போமின்’ மாத்திரையைப் பல்லாண்டு உட்கொள்வோருக்கு பி12 குறையலாம் என்பதும் தெளிவாகியுள்ளது. இம்மூன்றும் ஒருவரிடமே கூடுவது அரிதன்று. பி12 குறைந்தால் கால் நரம்புடன் முண்ணாணும் கெடும்; நடை தள்ளாடும். மகிழ்ச்சிக்குரிய செய்தி என்னவெனில், இதனை இரத்தப் பரிசோதனையாற் கண்டறியலாம்; ஊசியாலோ மாத்திரையாலோ திருத்தலாம்; காலம் தாழ்த்தாதவிடத்து நடையும் பெருமளவு மீளும். காலம் தாழ்த்தினால் மீளாது. முதுமையின் மேலே பழியைப் போட்டு ஈராண்டைக் கழிப்பதன் விலை இதுவே.

இதற்காக யாருடைய விரதத்தையும் கைவிடுமாறு நாம் கூறவில்லை. பாலும் தயிரும் சைவ உணவே. அவை போதாவிடின் மாத்திரையும் உண்டு. ஆனால் ஒரு எச்சரிக்கை. “நரம்புக்கு நல்லது” என்று கேள்விப்பட்டு மருந்துக்கடையிற் தாமாகவே விற்றமின் மாத்திரைகளை வாங்கி நெடுங்காலம் விழுங்குவோர் உளர். அவற்றுட் சிலவற்றில் இருக்கும் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். எது குறைந்தது என்று அறிந்த பின்னரே அதனைக் கொடுத்தல் முறையாகும்.

வலியில்லாத பாதத்தின் ஆபத்தை உலகிற்கு நன்கு உணர்த்தியவர் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் 1914 இற் பிறந்த ஆங்கில வைத்தியர் போல் பிறாண்ட் ஆவார். 1946 இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர் தொழுநோயாளரிடையே உழைத்தார். நோயே விரல்களை அழுகச் செய்கின்றது என்று அந்நாளில் எல்லோரும் நம்பினர். பிறாண்ட் அவர்களோ நோயாளரின் அன்றாட வாழ்வை அருகிருந்து நோக்கினார். ஆணி குத்தினாலும் தெரியாது, அடுப்புச் சுட்டாலும் தெரியாது, செருப்புக் கடித்தாலும் தெரியாது நடந்து கொண்டேயிருந்தமையால் உண்டான புண்களே அங்கங்களை அழித்தன என்பதை அவர் எடுத்துக் காட்டினார். மென்மையான றப்பர்ப் பாதணிகளை அமைப்பதிலும் அவர் ஈடுபட்டார். 1966 இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்று, அதே அறிவை நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். வலி என்பது பகையன்று, காவலாளி என்று வாழ்நாள் முழுவதும் போதித்த அவர் 2003 இல் மறைந்தார்.

அவருடைய படிப்பினை நம் வாழ்வுக்கு இன்றும் பொருந்தும். ஆலயத்தில் வெறுங்காலுடன் வலம் வருவது நம் மரபு. மயூராபதி அம்மன் சந்நிதியிலாயினும் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலிலாயினும் உச்சிவேளையிற் சுடும் கல்லில் நடக்கும்போது, உணர்ச்சியுள்ள கால் தானே நிழலைத் தேடி ஓடும். உணர்ச்சியற்ற கால் அங்கேயே நிற்கும். வீடு வந்த பின்னரே கொப்புளம் தெரியும். ஆகையால் இத்தகையோர் காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ செல்வது நலம். வெந்நீரிற் கால் வைக்குமுன் முழங்கையால் அதன் சூட்டை அறிதல் வேண்டும். ஒவ்வோர் இரவும் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதவர் கண்ணாடியொன்றைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பேரப்பிள்ளை அருகிலிருந்தால் அவனையே பார்க்கச் சொல்லலாம். பெரியோர் பாதத்தைத் தொட்டு வணங்கும் பிள்ளைக்கு அப்பாதத்தை உற்று நோக்குதல் பாரமாகாது.

வைத்தியரிடம் சென்றால் என்ன நிகழும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வினாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவை ஒன்றைப் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகின்றதா என்று கேட்பார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையொன்றினால் உள்ளங்காலைத் தொடுவார். குதிக்கால் தசைநாணைச் சிறு சுத்தியலால் தட்டுவார். இவையெல்லாம் சில நிமிடங்களுக்குள் முடியும், வலியும் இல்லை. பின்னர் இரத்தத்திற் சீனி, பி12 முதலியவற்றைப் பார்ப்பார். தேவைப்பட்டால் நரம்பின் வேகத்தை மின்கருவியால் அளக்கச் செய்வார். வெள்ளவத்தை வாசிகளுக்குக் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை தொலைவிலில்லை. செல்லும்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுதல் நன்று. “வயது போய்விட்டது, டொக்டர்” என்று தொடங்காது, “செருப்புக் கழன்றால் தெரிவதில்லை, முகம் கழுவும்போது தள்ளாடுகின்றேன்” என்று தொடங்குவாராயின் வைத்தியருக்கு வழி பாதி தெரிந்து விடும்.

மருந்து ஒருபுறமிருக்க, நடையை நடையினாலேயே காத்தல் வேண்டும். விழுந்து விடுவோமோ என்னும் அச்சத்தினால் கதிரையிலே அமர்ந்து விடுவோரின் தசைகள் சில வாரங்களிலேயே மெலியும்; மெலிந்த காலோ மேலும் எளிதாக விழும். அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையான, உடலுழைப்புக் குறைந்த 1,635 பேரை இரு பிரிவாக்கி, சராசரியாக 2.6 ஆண்டுகள் கவனித்தனர். ஒரு பிரிவினருக்கு நடையும் தசைப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் ஒழுங்காக அளிக்கப்பட்டன. மறுபிரிவினர்க்கு உடல்நலப் போதனை மட்டும். 400 மீற்றர் தூரம் நடக்க இயலாத நிலைக்கு உள்ளானோர் போதனை பெற்றோருள் நூற்றுக்கு 35.5 ஆகவும், பயிற்சி பெற்றோருள் 30.1 ஆகவும் இருந்தனர். 2014 இல் வெளியான முடிவு இது. வேற்றுமை பெரிதன்று என்பார் உளர். ஆனால் நூறு பேரில் ஐவர் தம் காலிலே கடைக்குச் சென்று வருவது, அந்த ஐவருக்கும் சிறு காரியமா?

வாரத்தில் 150 நிமிட நடை அவர்கள் வைத்த இலக்கு. நாளுக்கு இருபது நிமிடத்திற் சற்று மிகும், அவ்வளவே. வெயில் தணிந்தபின் கடற்கரையோரமாக நடக்கலாம். அது இயலாதோர் வீட்டிலே கதிரையிலிருந்து கையூன்றாது பத்து முறை எழுந்து அமரலாம். குசினி மேசையைப் பற்றிக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்கலாம். ஒற்றைக் காலிற் சில வினாடிகள் நிற்கப் பழகலாம். பாதத்தில் ஆறாத புண் உள்ளவர் மாத்திரம் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

வீட்டையும் சிறிது திருத்துதல் வேண்டும். முற்றமும் கிணற்றடியும் மணல் ஒழுங்கையுமாக யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த பெரியோர் பலர் 1990 களில் இடம்பெயர்ந்து இங்கு வந்து, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொடர்மாடி வீடுகளிற் குடியேறினர். மணலில் நடந்து பழகிய கால்களுக்கு வழுக்கும் தரையோடும், நனைந்த குளியலறையும், மின்தூக்கி பழுதுபட்ட நாளில் இருண்ட படிக்கட்டும் புதிய சோதனைகள். படுக்கையிலிருந்து குளியலறை வரை சிறு இரவு விளக்கு. மலகூடத்தருகே உறுதியான கைபிடி. படிகளின் விளிம்பில் தெளிவான நிறக்கோடு. வழுக்கும் பாயை அகற்றல். குதிக்காலைப் பற்றும் பட்டியுள்ள பாதணி. இவற்றுக்கு ஆகும் செலவு, இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவில் மிகச் சிறு பங்கே. கண்ணிற் புரை இருந்தால் அதனையும் நீக்கிக் கொள்ளட்டும். பாதம் சொல்லாததைக் கண்ணாவது சொல்லும்.

வெள்ளவத்தையில் எத்தனையோ வீடுகளில் முதியோர் தனித்தே வாழ்கின்றனர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கின்றனர். கதவைத் திறப்பதும், மரக்கறி வாங்குவதும், வங்கிக்குச் செல்வதும், கோயிலுக்குப் போவதும் அவர்களுக்குத் தம் கால்களாலேயே ஆகவேண்டும். நடை நின்றால் இவ்வளவும் நிற்கும். பிறர் கையை எதிர்பார்க்கும் வாழ்வு தொடங்கும். அதனால்தான் இதனைச் சிறு விடயமாக எண்ணுதல் கூடாது என்கின்றோம். தூரத்திலிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தொலைபேசி எடுக்கும்போது “எப்படி அம்மா இருக்கிறியள்?” என்று கேட்டால் “சுகமாக இருக்கிறன்” என்றே விடை வரும். “செருப்புக் கழன்றால் தெரியுதா அம்மா? முகம் கழுவேக்க தள்ளாடுதா? கடைசியாக எப்ப பி12 பார்த்தீங்கள்?” என்று கேளுங்கள். உண்மையான விடை அப்போது வரும்.

முதுமையைத் தடுப்பார் எவருமிலர். ஆனால் முதுமையின் பெயரால் நடமாடும் நோய்களை வேறு பிரித்து அறிதல் நம்மாற் கூடும். வாசகர் வீட்டிலே நடை தளர்ந்த பெரியவர் ஒருவர் இருப்பாராயின், இவ்வாரத்திலேயே அவர் பாதங்களை விளக்கொளியிற் பாருங்கள். அடுத்த வாரத்திலே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். காரணம் கிடைப்பின் நன்று. கிடையாவிடினும், வீட்டில் விளக்கும் கைபிடியும் காலில் நல்ல பாதணியும் மிஞ்சும். அவையும் ஒருவரை விழாது காக்கும்.